பாஸ்கா இரவும் குழந்தையின் கேள்வியும்

சிறு குழந்தைகளுக்குச் சமயத்தைக் கையாலும் நாவாலும் கற்பிப்பது யூதக் குடும்பங்களில் அண்மைக் காலக் கல்விக் கொள்கைகள் கொண்டுவந்த புதுமை அன்று. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேலரின் விடுதலையை நினைவுகூரும் பாஸ்கா விழாவின் முதல் இரவில், வீட்டு மேசையைச் சுற்றி வரிசைமுறை தவறாமல் நிகழும் 'செதேர்' என்னும் விருந்தே அதற்குத் தலைசிறந்த சான்றாகும். அடிமைகளின் கண்ணீரை உப்பு நீராகவும், அவர்கள் பட்ட துன்பத்தைக் கசப்புக் கீரையாகவும், செங்கலுக்குப் பிசைந்த சேற்றைப் பழமும் கொட்டைகளும் அரைத்துச் செய்த 'ஹரோசெத்' என்னும் கலவையாகவும் குழந்தை அன்று சுவைத்தே அறிகிறது.

பொ.ஆ. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலாகிய மிஷ்னா, இவ்விருந்தில் இரண்டாம் கிண்ணத் திராட்சரசம் ஊற்றப்பட்டதும் மகன் தந்தையிடம் கேள்வி கேட்க வேண்டும் என்றும், கேட்கும் அறிவு அவனுக்கு இல்லையெனில் தந்தையே கற்றுத்தர வேண்டும் என்றும் விதிக்கிறது. குழந்தைகள் உறங்கிவிடாமல் கேள்வி கேட்பதற்காக யூத அறிஞர் ரபி அக்கிவா வறுத்த தானியமும் கொட்டைகளும் பங்கிட்டுக் கொடுத்ததாக மிஷ்னாவின் விரிவுரையாகிய தல்மூது கூறுகிறது. 12ஆம் நூற்றாண்டுப் பேரறிஞர் மைமோனிடிஸ், உண்பதற்கு முன்பே மேசையை அகற்றிவிடுவது போன்ற வழக்கத்துக்கு மாறான செயல்களையும் சேர்த்துச் சொல்லி, குழந்தை வியந்து கேட்பதே அவற்றின் நோக்கம் என்றார். குழந்தைகளுக்கான இன்றைய கைவினைப் பயிற்சிகளையும் இந்த அளவுகோலாலேயே அளந்து பார்ப்பது தகும்.

பாஸ்காவுக்கு முந்தைய வாரங்களில் ஹபாத் என்னும் யூதச் சமய இயக்கத்தினர் பல நகரங்களில் நடத்தும் மாதிரி அடுமனைகளில், குழந்தைகள் தாமே மாவைப் பிசைந்து தேய்த்து 'மட்சா' என்னும் புளிப்பில்லா அப்பத்தைச் சுடுகின்றனர். மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடங்களுக்குள் அப்பம் வெந்தாக வேண்டும் என்னும் நடைமுறை, மாவு புளிக்கக்கூடப் பொழுதின்றி எகிப்தைவிட்டுப் புறப்பட்டவர்களின் பரபரப்பை எந்தப் பாடநூலையும்விடத் துல்லியமாக அந்தச் சிறு கைகளுக்குள் ஏற்றிவிடுகிறது. அங்கே சுடப்பட்ட அப்பம் பெரும்பாலும் விழா நாளில் உண்ணத் தகுந்ததாகக் கொள்ளப்படுவதில்லை; இதைக் குறையென்று கருதி மறைப்பதைவிட, ஏன் தகாது என்று குழந்தையைக் கேட்க விடுவதே சிறந்த பாடமாகும்.

எகிப்தின்மீது வந்த பத்து வாதைகளைத் தவளைப் பொம்மை, வெட்டுக்கிளிப் பொம்மை என்று பைகளில் இட்டு விளையாடக் கொடுக்கும் வழக்கமோ கவலைக்குரியது. செதேரில் ஒவ்வொரு வாதையின் பெயரைச் சொல்லும்போதும் கிண்ணத்திலிருந்து ஒரு துளி ரசத்தை எடுத்துவிடுவதை, பகைவரின் துயரால் தம் மகிழ்ச்சி குறைவதாகப் பலரும் விளக்குவர். தலைப்பிள்ளைகளின் சாவில் முடியும் அவ்வரிசை விளையாட்டுப் பொருளாகும்போது, அந்த ஆழ்ந்த இரக்கம் குழந்தைக்கு எட்டாமலே போகிறது.

இத்தகைய பயிற்சிகளுக்கு ஓர் எல்லையும் உண்டு. வெட்டுதல், எழுதுதல் போன்ற வேலைகள் 'சபாத்' என்னும் ஓய்வுநாளில் விலக்கப்பட்டவை என்பதால், கைவினைப் பயிற்சி முழுவதும் முன்னேற்பாட்டு நாள்களிலேயே முடிந்துவிட வேண்டும். அந்நாளின் அமைதியைக் குழந்தை பெற்றோரிடமிருந்து மட்டுமே கற்க முடியும். கேட்டுக் கற்பது பெரியவர்களுக்கும் உரியதே: பாஸ்காச் சட்டங்களை முற்றும் அறிந்த அறிஞர் இருவர் இருந்தாலும் செதேர் இரவில் ஒருவரையொருவர் கேட்க வேண்டும் என்று தல்மூது வற்புறுத்துகிறது. ஆனால் பசையும் கத்தரிக்கோலும் எடுத்துத் தரும் உதவியாளராக மட்டும் பெற்றோரை நிறுத்திவிடும் வகுப்புகள், வீடு திரும்பியபின் குழந்தை கேட்கும் முதல் கேள்விக்கே அவர்களை வாயடைத்து நிற்கச் செய்கின்றன.