கெரி இல்லம்: கட்டவிழ்ப்பு என்னும் பெயர் எவ்வளவு பொருந்தும்?

கெரி இல்லம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சாண்டா மோனிகா நகரின் ஒரு தெருமுனையில் உள்ளது. கட்டவிழ்ப்புக் கட்டிடக்கலையைப் பற்றிப் பேசும் நூல்கள் பெரும்பாலும் இந்த வீட்டைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. கட்டிடக்கலைஞர் பிராங்க் கெரி தன் குடும்பத்துக்காக 1977 இல் வாங்கி, 1978 இல் மாற்றியமைத்த வீடு இது. வாங்கியபோது அது டச்சுக் குடியேற்றப் பாணியில் அமைந்த, இளஞ்சிவப்பு நிறமுடைய, இரண்டு தளங்கள் கொண்ட சாதாரண வீடு.

கெரி பழைய வீட்டை இடிக்கவில்லை. அதன் மூன்று பக்கங்களிலும் புதிய கூடு ஒன்றைக் கட்டினார். நெளிவுத் தகரம், பூசப்படாத பிளைவுட், கம்பிவலை வேலி, உள்ளே கம்பி பதித்த கண்ணாடி ஆகியவை அதற்குப் பயன்பட்டன. இவை கிடங்குகளிலும் விளையாட்டுத் திடல்களிலும் காணப்படும் மலிவான பொருள்கள். நடுத்தரக் குடும்பங்கள் வாழும் தெருவில் இவற்றைக் கண்ட அயலவர் சினம் கொண்டனர். அந்தச் சினத்தை வெறும் ரசனைக் குறைவு என்று ஒதுக்குவது நியாயமன்று. தெருவின் தோற்றத்தை ஒருவர் தனியே மாற்றும்போது மற்றவர்களிடம் கேட்கவேண்டுமா என்பது உண்மையான கேள்வியே. ஆனால் பள்ளித் திடலைச் சுற்றிக் கம்பிவலை இருந்தால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. அது வீட்டின் நெற்றிக்கு ஏறியதும் உறுத்துகிறது. கெரி சீண்டியது இந்தப் பழக்கத்தைத்தான்.

வீட்டின் சிறந்த பகுதி அடுக்களை. பழைய வீட்டுக்கும் புதிய கூட்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் அது அமைந்துள்ளது. தரையில் சாலையைப் போலத் தார் போடப்பட்டுள்ளது. ஒருபக்கச் சுவர், முன்பு வீட்டின் வெளிச்சுவராக இருந்தது. அதன் பழைய சாளரம் இப்போது அடுக்களையிலிருந்து கூடத்தைப் பார்க்கிறது. ஆக, அடுக்களையில் நிற்பவர் வீட்டுக்குள்ளும் இருக்கிறார், வீட்டுக்கு வெளியேயும் இருக்கிறார். மேலே, சாய்ந்து விழுவதுபோல ஒரு கண்ணாடிக் கனசதுரம் ஒளியைக் கொண்டுவருகிறது. பழைய பகுதியில் சில இடங்களில் சுவர்ப்பூச்சு உரிக்கப்பட்டு, மரச்சட்டங்கள் எலும்புபோலத் தெரியுமாறு விடப்பட்டன.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1988 இல் நடத்திய கண்காட்சியில்தான் இவ்வீட்டுக்குக் கட்டவிழ்ப்பு என்னும் பெயர் உறுதிப்பட்டது. அதை அமைத்தவர்கள் பிலிப் ஜான்சனும் மார்க் விக்லியும். ஐசன்மன், சாகா அதித், கூல்காசு, லீபசுகிண்டு உள்ளிட்டோரின் ஆக்கங்களும் அதில் இருந்தன. தூய வடிவம் ஒன்று தன் உள்ளிருந்தே கலைக்கப்படுவதாக விக்லி விளக்கினார். இதன் வேரை அவர் தெரிதாவின் மெய்யியலில் தேடவில்லை, உருசியக் கட்டுமானவாதத்தில் கண்டார்.

சாய்ந்த கனசதுரத்துக்கு இவ்விளக்கம் பொருந்தும். மற்றப் பகுதிகளுக்கு வலிந்து பொருத்த வேண்டியுள்ளது. தகரக்கூடு வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. பழைய வீட்டின் கூரையும் சுவர்களும் அதற்கு மேலே இன்னும் தெரிகின்றன. மரச்சட்டங்களைக் காட்டும் வழக்கத்துக்கு உருசியா வரை போகவேண்டியதில்லை. கட்டி முடியாத எந்த அமெரிக்க மரவீட்டிலும் அதைக் காணலாம். கெரி தாமே இப்பெயரை விரும்பி ஏற்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், உள், வெளி என்னும் எதிர்நிலைகள் நிலைகுலையும் அந்த அடுக்களைச் சாளரம், விக்லி ஒதுக்கிய தெரிதாவுக்கே அருகில் நிற்கிறது. தெரிதாவைப் படிக்கத் தொடங்கும் மாணவருக்கு அதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

1991-92 இல் கெரி வீட்டை மறுபடியும் மாற்றினார். பிள்ளைகள் வளர்ந்திருந்தனர். நீச்சல்குளம் வந்தது, வண்டிக்கொட்டகை அறையாக மாறியது, வெளித்தெரிந்த சட்டங்களில் பல மூடப்பட்டன. முடிக்கப்படாத தோற்றமே அழகு என்று கொண்டாடியவர்கள் இதனால் வருந்தினர். குடியிருப்பவரின் தேவைக்கேற்ப வீடு மாறியதைக் குறைகூற இடமில்லை. ஆயினும் பழையதும் புதியதும் முட்டிக்கொண்ட இடங்கள் மழுங்கிவிட்டன என்பதை மறுக்கமுடியாது. அமெரிக்கக் கட்டிடக்கலைஞர் கழகம் 2012 இல் இருபத்தைந்தாண்டு விருதை இவ்வீட்டுக்கு வழங்கியது. நூல்களில் இன்றும் பெரும்பாலும் அச்சிடப்படுவன இந்த இரண்டாம் மாற்றத்துக்கு முந்தைய படங்களே.