ஊர்ந்து செல்லும் வேகத்தில் தோற்கும் கியர்பாக்ஸ்

வட அமெரிக்காவின் கனரக இழுவை வண்டிகளிலிருந்து கிளட்ச் மிதி மறைந்துகொண்டே வருகிறது. 2007இல் வால்வோவின் ஐ-ஷிஃப்ட், 2010இல் மேக்கின் எம்-டிரைவ், 2012இல் டெட்ராய்ட் டிடி12, 2017இல் ஈட்டனும் கம்மின்ஸும் கூட்டாகக் கொண்டுவந்த எண்டூரண்ட் என அடுத்தடுத்து அங்கே சந்தைக்கு வந்த தானியங்கி கியர்பாக்ஸ்கள், பத்து, பதின்மூன்று, பதினெட்டு கியர்களைக் கையால் மாற்றி ஓட்டிய தலைமுறையின் திறனைத் தேவையற்றதாக்கிவிட்டன என்றும், இனி எல்லா வேலைக்கும் இந்த ஒரே வகை போதும் என்றும் ஒரு வாதம் வலுப்பெற்றுள்ளது. குறை சொல்லும் ஓட்டுநர்களை, ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்று சொன்ன கதையாக ஒதுக்கிவிடுவதும் வழக்கமாகிவிட்டது. நெடுந்தொலைவு ஓடும் வண்டியைப் பொறுத்தவரை இந்த வாதத்தில் நியாயம் உண்டு; நகரத்துக்குள் உழைக்கும் வண்டியைப் பொறுத்தவரை கூடம் உண்மையிலேயே கோணல்தான்.

இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒரே இனம் என்றாலும் செய்யும் வேலையால் வேறுபட்டவை. கேபினுக்குப் பின்னால் படுக்கையறை கொண்ட ஸ்லீப்பர் எனப்படும் நெடுந்தொலைவு வண்டி, சட்டம் அனுமதிக்கும் 80,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 36 டன் மொத்த எடையோடு மாநிலம் விட்டு மாநிலம் செல்வது. ஒருமுறை மேல் கியரை எட்டிவிட்டால் மணிக்கணக்கில் அதிலேயே ஓடக்கூடியது. டே கேப் எனப்படும் படுக்கையற்ற நகர வண்டியோ, குறுகிய உடலோடு துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் கடைக்கும் இடையே அலைந்து, ஒரே நாளில் பலமுறை டிரெய்லரைக் கழற்றி, வேறொன்றை மாட்டி, பின்னோக்கி நகர்ந்து, வரிசையில் அங்குலம் அங்குலமாக முன்னேறுவது. லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுகங்களின் வாயிலில் கொள்கலனுக்காகக் காத்திருக்கும் வண்டிகளின் பணி நேரத்தில் கணிசமான பகுதி, மனிதர் நடக்கும் வேகத்துக்கும் குறைவான வேகத்திலேயே கழிகிறது.

தானியங்கி வகையின் நன்மைகள் மறுக்கத்தக்கவை அல்ல. ஒத்திசைவு வளையங்கள் இல்லாத பழைய அமெரிக்க கியர்பாக்ஸில் இயந்திரத்தின் சுழற்சியைக் காதால் கணித்துக் கியர் பொருத்தும் கலையைக் கற்க மாதங்கள் ஆகும். அந்தச் சுமை புதியவர்களுக்கு நீங்கிவிட்டது. இடது முழங்கால் தப்பியது, கவனம் சாலையில் நிலைத்தது, வரைபடத் தகவலைக் கொண்டு மேட்டையும் இறக்கத்தையும் முன்கூட்டியே அறிந்து எரிபொருளை மிச்சப்படுத்தவும் முடிந்தது. நாளொன்றுக்கு மிக அதிகமாகக் கியர் மாற்றும் நகர ஓட்டுநருக்கே இவ்வசதி மிகுதியும் தேவை என்ற வாதம் கேட்பதற்குச் சரியாகவே படுகிறது. ஆனால் நகர ஓட்டுநரின் தொல்லை கியர் மாற்றுவதில் அடங்கிவிடவில்லை. அது வண்டி நகரத் தொடங்கும் கணத்திலும் நிற்கப்போகும் கணத்திலும் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள இந்தக் கியர்பாக்ஸின் உள்ளமைப்பை நோக்க வேண்டும். கார்களில் பரவலாக உள்ள தானியங்கி முறையில் இயந்திரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே டார்க் கன்வெர்ட்டர் என்ற எண்ணெய் நிரம்பிய கலம் இருக்கிறது. சுழற்சி அந்த எண்ணெய் வழியாகக் கடத்தப்படுவதால் வண்டி எவ்வளவு மெதுவாகவும் தேய்மானமின்றி ஊர முடியும். மேற்சொன்ன கனரகக் கியர்பாக்ஸ்களில் அந்தக் கலம் இல்லை. உள்ளே இருப்பது கையால் மாற்றும் வகையைப் போன்ற பற்சக்கரத் தொகுதியும் உலர் கிளட்ச்சும்தான். அவற்றை இயக்கும் வேலை மட்டும் ஓட்டுநரின் காலிலிருந்தும் கையிலிருந்தும் பறிக்கப்பட்டு, கணினியின் ஆணைக்குக் கட்டுப்பட்ட காற்றழுத்தத்திடமோ மின்மோட்டாரிடமோ ஒப்படைக்கப்பட்டுள்ளது.

கணக்கு எளிது. எரிபொருள் சிக்கனத்துக்காக நெடுஞ்சாலையில் இயந்திரம் நிமிடத்துக்கு 1,100 சுற்றை ஒட்டியே சுழல வேண்டும் என்று திட்டமிட்டு, பின்னச்சின் பல்விகிதத்தை 2.4 அளவுக்குத் தயாரிப்பாளர்கள் தாழ்த்தியுள்ளனர். முதல் கியரின் விகிதம் ஏறத்தாழ 15 எனில் மொத்தக் குறைப்பு 36 மடங்கு. 650 சுற்றில் இயந்திரம் சும்மா ஓடும்போதும், கிளட்ச் முழுமையாகப் பிடித்திருந்தால் வண்டி மணிக்கு 3.5 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தே தீரும். அதற்கும் மெதுவாக நகர வேண்டுமானால் கிளட்ச் வழுக்க வேண்டும். பழைய வண்டியிலும் இதே நிலைதான். ஆயினும் அங்கே எவ்வளவு வழுக்க வேண்டும் என்பதை அரைக் கிளட்ச்சில் வைத்த கால் முடிவு செய்தது. இங்கே கணினி முடிவு செய்கிறது. இயந்திரச் சுழற்சி, சக்கர வேகம், மிதிகளின் நிலை, சரிவின் அளவு ஆகியவற்றைக் கணினி அறியும். டிரெய்லரின் பின்முனைக்கும் கிடங்குத் திண்ணைக்கும் இடையே எஞ்சியுள்ள தூரம் ஒரு சாண்தான் என்பதை அது அறியாது.

டிரெய்லரை மாட்டும் தருணம் இந்தக் குறையை முழுமையாகக் காட்டுகிறது. நிறுத்திவைக்கப்பட்ட டிரெய்லரின் அடியில் வண்டி பின்னோக்கி நுழையும்போது, இணைப்புத் தட்டு டிரெய்லரின் அடிப்பாகத்தைத் தொட்டு அதைச் சற்றே தூக்குவதால் எதிர்ப்பு திடீரெனக் கூடுகிறது, வண்டி நின்றுவிடுகிறது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்துகிறார். அதை வேகத்துக்கான கோரிக்கையாக எடுத்துக்கொள்ளும் கணினி கிளட்ச்சை இறுக்குகிறது. எதிர்ப்பு விலகிய கணத்தில் வண்டி பின்னோக்கிப் பாய்ந்து, கிங்பின் எனப்படும் இணைப்பு ஆணியில் மோதிப் பூட்டிக்கொள்கிறது. அந்த அதிர்ச்சியைச் சரக்கும் வாங்குகிறது, ஓட்டுநரின் முதுகும் வாங்குகிறது. கிளட்ச் மிதி இருந்த காலத்தில் தேர்ந்த ஓட்டுநர் அந்த எதிர்ப்பைப் பாதத்தில் உணர்ந்து, பூட்டு விழும் ஓசை கேட்டதும் மிதியை அழுத்தி உந்துவிசையை முற்றாகத் துண்டித்துவிடுவார். விசையை உடனே துண்டிக்கும் அந்த உரிமைதான் இன்று அவரிடம் இல்லை. பிரேக்கை அழுத்தினால் கணினி கிளட்ச்சை விடுவிக்கும் என்பது உண்மை. ஆனால் நிறுத்தும் கட்டளையும் துண்டிக்கும் கட்டளையும் ஒரே மிதியில் இணைந்துவிட்டபின், நிற்காமல் மெல்ல உருளவிடுவது என்ற இடைநிலைக்கு வழி குறுகிவிடுகிறது. சரிவான முற்றத்தில் சில நிமிடங்கள் இவ்வாறு முன்னும் பின்னும் நகர்ந்தால் கிளட்ச் சூடேறிவிட்டதாக எச்சரிக்கை விளக்கு எரிகிறது. குற்றம் அப்போதும் ஓட்டுநர் மீதே சுமத்தப்படுகிறது.

பழகினால் சரியாகிவிடும் என்று சொல்வோருக்குத் தயாரிப்பாளர்களின் பட்டியலே மறுமொழி தருகிறது. வால்வோ 2016இல் ஐ-ஷிஃப்ட்டுக்கென ஊர்தல் கியர்களைத் தனியாகச் சேர்த்தது. டார்க் கன்வெர்ட்டர் கொண்ட டிசி10 வகையையும், பின்னர் 3414 வகையையும் நகரம், வட்டாரம் சார்ந்த இழுவை வண்டிகளைக் கருதியே அலிசன் நிறுவனம் கொண்டுவந்தது. குறை ஓட்டுநரின் காலில் மட்டுமே இருந்திருந்தால் இவற்றுக்குத் தேவையே எழுந்திராது. தீர்வு கையில் இருந்தும் நகர வண்டிகளுக்கு அது பெருமளவில் போய்ச் சேராததற்குக் காரணம், வாங்குவோர் அளக்கும் அளவுகோல். ஒரு காலனுக்கு எத்தனை மைல் என்ற கணக்கு நெடுஞ்சாலையில் எடுக்கப்படுகிறது; முற்றத்தில் வீணான நிமிடங்களும் தேய்ந்த கிளட்ச்சும் வேறு பதிவேட்டில் வேறு பெயரில் ஏறிவிடுகின்றன. நான்கைந்து ஆண்டுகள் நெடுந்தொலைவு ஓடிய வண்டிகள் பழைய வண்டிகளாக விற்கப்பட்டுத் துறைமுகப் பணிக்கு வரும்போது, நெடுஞ்சாலைக்கென்றே அமைந்த பல்விகிதமும் அவற்றோடு வந்து சேருகிறது. அதைத் தேர்ந்தெடுப்பதில் எந்தப் பங்கும் இல்லாதவரே அதன் விலையைச் செலுத்துகிறார்.

இன்னும் கவலை தருவது, திரும்பிச் செல்லும் வழியும் அடைபட்டுவருவதாகும். அமெரிக்கக் கூட்டரசு விதிப்படி தானியங்கி வண்டியில் ஓட்டுநர் தேர்வை முடித்தவரின் கனரக உரிமத்தில் இ என்ற கட்டுப்பாடு குறிக்கப்படுகிறது. அவர் கிளட்ச் மிதி உள்ள கனரக வண்டியைத் தொழில்முறையில் ஓட்ட இயலாது. பயிற்சிப் பள்ளிகள் தானியங்கி வண்டிகளுக்கு மாறுகின்றன; மாறியதால் பழைய வகையை ஓட்டத் தெரிந்தவர் குறைகின்றனர்; குறைந்ததையே காரணம் காட்டிப் பழைய வகை வாங்கப்படாமல் போகிறது. தன் விளைவையே தனக்குச் சான்றாகக் காட்டும் இந்த வாதத்தைத் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று கொண்டாடுவது பிழை.

நகர வண்டிக்கான கியர்பாக்ஸை முற்றத்தில் சோதித்துத்தான் வாங்க வேண்டும். முழுச் சுமையோடு, சரிவில், பின்னோக்கி, டிரெய்லரை மாட்டியும் கழற்றியும், நாள் முழுவதும் அவ்வேலையைச் செய்யும் ஓட்டுநரின் கையில் அந்தச் சோதனை நடக்க வேண்டும். அதில் தேறாத வகைக்கு நெடுஞ்சாலையில் எவ்வளவு நற்பெயர் இருந்தாலும் டே கேப்பில் இடமில்லை. டார்க் கன்வெர்ட்டரோ ஊர்தல் கியரோ கூடுதல் விலை கோரினால் அந்த விலையை வண்டியின் உரிமையாளர் கொடுக்க வேண்டும். மிச்சமாகும் எரிபொருளின் இலாபத்தைத் தாம் வைத்துக்கொண்டு, அந்தச் சிக்கனத்தின் சேதத்தை ஓட்டுநரின் முதுகிலும் நன்மதிப்பிலும் வசூலிக்க எந்த நிறுவனத்துக்கும் நியாயம் கிடையாது.