சோல் இசையும் எஞ்சாமிப் பாட்டும்: குரலுக்கு உரியார் யார்?

மட்டக்களப்புக் கூத்துக் களரியில் ஆடுவோன் ஓரடி பாட, அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அவ்வடியை ஏற்றுத் திரும்பப் பாடுவர். ஆடுவோனுக்கு மூச்சுவாங்க இடங்கொடுப்பது மாத்திரம் அதன் பயனன்று. ஒருவன் கூற்றை ஊரின் கூற்றாக்குவதும் அதுவே. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களிலே போதகரின் குரலுக்குச் சபையார் விடையிறுக்கும் முறையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இக்களரியே நினைவுக்கு வருகின்றது. இரண்டிற்கும் வரலாற்று உறவு உண்டென வாதிப்பது என் நோக்கமன்று. (றப் இசைக்கு மூலம் நமது வில்லுப்பாட்டே என மேடையிற் கூறிக் கைதட்டுப் பெறுவோர் உளர், அவர்களை அவர்கள் போக்கில் விட்டுவிடலாம்.) நான் எழுப்ப விரும்பும் வினா வேறு: ஊரின் குரலைத் தன் குரலாக ஏற்றுப் பாடும் கலைஞன் அவ்வூருக்கு என்ன கடன்பட்டவன்?

தேவாலயப் பாட்டின் முறைமையும் உருக்கமும் 1950களில் உலகியற் பொருளை ஏற்றபோது உருவானதே சோல் இசை. ரே சார்ள்ஸ், சாம் குக் ஆகியோர் தொடக்கிவைத்த இவ்வழியிலே தன்மைக் கூற்று பெறும் விரிவு ஊன்றி நோக்கத்தக்கது. ஓட்டிஸ் றெடிங் 1965இல் எழுதிப் பாடிய ‘றெஸ்பெக்ட்’, உழைத்து வீடு திரும்பும் ஆடவன் மதிப்பை வேண்டும் பாட்டு. 1967இல் அரேதா பிராங்கிளின் அதனைப் பாடியபோது வேண்டுபவள் பெண்ணானாள். அவர் சகோதரிமாரின் குரல்கள் பின்னின்று விடையிறுத்தன. ‘நான்’ என்ற சொல் மாறவில்லை. அச்சொல்லுக்குள் நின்றவர் தொகை மாறிற்று. பெண்ணுரிமை இயக்கத்தாரும் கறுப்பின உரிமை இயக்கத்தாரும் அதனைத் தமதாக்கிக்கொண்டமை வியப்பன்று. நமது ஒப்பாரியும் இத்தகையதே. இழவு வீட்டிற் கட்டியழுபவள் இறந்தவரைப் பாடத் தொடங்கித் தன் துயரைப் பாடி, அருகிருப்பவள் துயரையும் சேர்த்துப் பாடிவிடுகிறாள்.

1973 ஆகஸ்ட் 11ஆம் திகதி, நியூயோர்க்கின் புறொங்ஸ் பகுதியில், ஜமேக்காவிற் பிறந்த கூல் ஹேர்க் இசைத்தட்டு இயக்கிய விருந்தே ஹிப் ஹொப்பின் பிறப்பாகக் கொள்ளப்படுகின்றது. தட்டிலே பாட்டு ஓய்ந்து முழவு மாத்திரம் ஒலிக்கும் இடத்தை இரு தட்டுகளின் உதவியால் நீட்டியமையே அவர் செய்த புதுமை. பின்னர் ஒலித்துணுக்குகளைப் பிரித்தெடுக்கும் கருவிகள் வந்தன. பழைய சோல் துணுக்கின் மேற் புதிய சொல் ஏறிற்று. இதனைக் களவு என்பாருடன் நான் உடன்படேன். தந்தையர் வாங்கிய தட்டுகளை மைந்தர் திரும்பக் கேட்ட முறை அது; அதுவும் ஒருவகைப் பிற்பாட்டே.

ஆயின் பிற்பாட்டிலே பெயர் மறைந்துபோதலும் உண்டு. ஜேம்ஸ் பிறவுணின் ‘ஃபங்கி டிரம்மர்’ 1969இல் ஒலிப்பதிவாகி 1970இல் வெளிவந்தது. அதிலே கிளைட் ஸ்டபிள்பீல்ட் தனித்து முழக்கிய சில விநாடிகள், பப்ளிக் எனிமி குழுவினரின் ‘ஃபைட் த பவர்’ (1989) உட்படப் பெருந்தொகையான பாட்டுகளில் எடுத்தாளப்பட்டன. பாட்டின் ஆக்கியோனாக அவர் பெயர் பதியப்படாமையால் உரிமைப்பணம் அவரைச் சேரவில்லை. 2017இல் அவர் இறந்தார். லோறின் ஹில் 1998இல் வெளியிட்ட தொகுப்பு சோலையும் ஹிப் ஹொப்பையும் இணைத்த அளவுக்கு இயல்பாக இணைத்த வேறொன்றை நான் கேட்டதில்லை. அதற்கும் தம் பங்கு உரியவாறு கூறப்படவில்லையென இசைஞர் நால்வர் வழக்குத் தொடுத்தனர். 2001இல் அது மன்றுக்கு வெளியே தீர்ந்தது. அநீதியைப் பாடும் இசை தன் வீட்டுக் கணக்கை நேராக வைத்திருந்தது என எவரும் எண்ண வேண்டியதில்லை.

தமிழில் இவ்விசை நடந்த வழியை விரிப்பின் பெருகும். மலேசிய யோகி பி குழுவினரின் ‘வல்லவன்’ (2006) தந்த துணிவை அடியொற்றி வந்தவற்றுட் பல மிடுக்கோடு நின்றுவிட்டன. தற்புகழ்ச்சியும் பகைவரை எள்ளலுமே பொருளாயின. 2018இல் சென்னை மேடையேறிய ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கானாவையும் பறையையும் றப்போடு சேர்த்தபோதுதான் முன்னோர் குரல் உள்ளே வந்தது. அக்குழுவின் அறிவு, தீயுடன் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் 2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ நமக்கு நெருங்கிய பாட்டு. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து இந்தியா திரும்பியவர். 1948இற் குடியுரிமை மறுக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தினால் எண்ணிக்கைகளாகப் பங்கிடப்பட்ட மலையக மக்களின் கதையை நாம் பாடநூலிற் படித்தோம். இங்கு அது பேரன் வாயிற் பாட்டாகின்றது. ‘என் சாமி’ என்பது கூலியாள் நிலக்கிழானை விளிக்கும் சொல்; பேரனைக் கொஞ்சும் பாட்டியின் சொல்லும் அதுவே. எங்கள் அம்மம்மாமார் ‘மனே’ என இழுத்து அழைப்பதைக் கேட்டோர்க்கு இரண்டாவதன் இனிமை விளங்கும். பணிவின் சொல்லைப் பரிவின் சொல்லாக மீட்டமையே இப்பாட்டின் பெருவெற்றி. 1968இல் ஜேம்ஸ் பிறவுண் ‘கறுப்பு’ என்ற சொல்லைப் பெருமைச் சொல்லாக்கியமை இதனோடு ஒப்பவைத்து நோக்கத்தக்கது.

குறையும் உண்டு. உழைத்து வளமாக்கியவருக்கு அவ்வளத்திற் பங்கில்லை என்னும் ஒப்பாரிக் கூற்று வரும் பகுதியே பாட்டின் உயிர்நிலை; எனினும் நெஞ்சில் தங்குமுன் ஆட்டம் மீண்டுவிடுகின்றது. திருமண மண்டபங்களில் இப்பாட்டுக்கு ஆடியோருள் எத்தனைபேர் அழுகையைக் கேட்டனர்? இதற்குக் கேட்போரை மாத்திரம் குறைகூறல் ஆகாது.

பாட்டுக்கு வெளியே நடந்தது பாட்டின் பொருளையே திரும்ப நடித்துக் காட்டிற்று. 2021 ஆகஸ்டில் ‘றோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சன்ட் டி போலும் இடம்பெற, அறிவு இடம்பெறாமையை இயக்குநர் பா. ரஞ்சித் கண்டித்தார். 2022இல் ஆக்கியோர் யார் என்பது பற்றிக் கலைஞரிடையே கருத்துமாறுபாடு பகிரங்கமாயிற்று; ஒவ்வொருவரும் தத்தம் பங்கை எடுத்துரைத்தனர். அதில் தீர்ப்புக் கூற எனக்குத் தகுதியில்லை. தகுதியில்லாமைக்கு வேறொரு காரணமும் உண்டு.

சென்ற ஆண்டு நண்பர் சிலர் ஒரு றப் பாட்டுச் செய்தோம். படுவான்கரைக் கிராமமொன்றில் முதிய பறைமேளக் கலைஞர் ஒருவரின் அடியைக் கைபேசியிற் பதிந்து, பத்து விநாடித் துணுக்கை நான்கு நிமிடமும் சுழலவிட்டோம். இறுதியில் ஓடிய பெயர்ப் பட்டியலில் எழுதியவர், பாடியவர், படம் பிடித்தவர், மோட்டார் சைக்கிள் தந்தவர் வரை இருந்தனர். பட்டியலை எழுதியவன் நானே. ‘றெஸ்பெக்ட்’ பற்றி மணிக்கணக்கிற் பேசத் தெரிந்தவனுக்கு அவர் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. பின்னர் போட்டுக்காட்டியபோது, “இது நம்மட அடிதானே, மனே?” என்றார். குற்றஞ்சாட்டும் தொனி அதில் இல்லை. அடி சரியாக விழுகின்றதா என்றே உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இக்கட்டுரையில் அவர் பெயரை எழுத அனுமதி கேட்டேன். “பொத்தகத்தில வேணாம், மனே, பாட்டில போடுங்க” என்றார். போட்டுவிட்டோம். முதலிற் பரவிய பிரதி மாத்திரம் இன்னும் கைபேசிகளிற் சுற்றிக்கொண்டிருக்கின்றது.