வினாவும் விடையும்: லினக்ஸ் பயனரின் கேள்வி ஒழுக்கம் நன்னூல் நோக்கில்

தமிழிலே ‘கேள்வி’ என்னுஞ் சொல் வினாவையும் குறிக்கும். செவிவழிப் பெறும் கல்வியையும் குறிக்கும். வினவுதலும் கற்றலும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கவியலாதன என்ற உண்மை இச்சொல்லிலேயே பொதிந்துள்ளது. முன்பின் அறியாதாரிடம் வினவியே ஒரு தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொள்ளும் கூட்டம் இன்று உண்டெனின், அதற்கு லினக்ஸ் பயனர் கூட்டத்தைத் தக்க எடுத்துக்காட்டாகக் கூறலாம். அவர்களிடையே வழங்கும் கேள்வி ஒழுக்கத்தை, அதனை வகுத்துரைக்கும் புகழ்பெற்ற கையேடு ஒன்றின் வாயிலாக ஆராய்ந்து மதிப்பிடுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லினக்ஸின் வரலாறே ஒரு வினாவுடன் தொடங்குகின்றது எனலாம். 1991 யூலை 3 ஆம் நாள், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோவால்ட்ஸ், இயங்குதளங்களுக்கான பொசிக்ஸ் தரவிதிகள் எங்கே கிடைக்கும் எனக் கணினி ஆர்வலர் குழுவொன்றில் வினவினார். அவ்வாண்டு ஓகஸ்ட் 25 ஆம் நாள் தமது முயற்சியை அறிவித்தபோதும், முன்னிருந்த மினிக்ஸ் என்னும் இயங்குதளத்திற் பிடித்தனவும் பிடிக்காதனவும் யாவை எனக் கேட்டார். அறியாதது கேட்டலையும் பிறர் கருத்து நாடலையும் இழிவெனக் கருதாத மனப்பாங்கே இம்முயற்சிக்கு வித்தாயிற்று.

ஆயின், பயனர் தொகை பெருகியபோது வினாக்களும் பெருகின. விடையளிப்போர் ஊதியம் பெறாத தன்னார்வலராதலின் சலிப்பும் பெருகிற்று. இச்சூழலிலேயே எரிக் ரேமண்ட், ரிக் மோயன் ஆகிய இருவரும் நன்முறையில் வினவுவது எப்படி என்னும் பொருள்பற்றிய தமது கையேட்டை 2001 இல் வெளியிட்டனர். கேட்குமுன் தேடுக, கைந்நூலைப் படிக்க, தக்க இடந்தேர்ந்து கேட்க, ஊகத்தை விடுத்து நிகழ்ந்ததைக் கூறுக, அவசரம் என ஆர்ப்பரியாதிருக்க, தீர்வு கிடைத்தபின் அதனைப் பிறரறியத் தெரிவிக்க என்பன அதன் சாரமாகும்.

இவ்விதிகளின் பயனை மறுத்தல் இயலாது. இலங்கையில் வழங்கும் ரெங்கநாதன் விசைப்பலகை முறையை லினக்ஸிற் பயன்படுத்த விரும்பும் மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். ‘தமிழ் வரவில்லை, உதவுக’ என்று மட்டும் அவள் எழுதின் எவரும் உதவவியலாது. எந்த வழங்கல், எந்தப் பதிப்பு, எவ்வுள்ளீட்டு முறைமை, எவ்விசையை அழுத்தியபோது எவ்வெழுத்துத் தோன்றிற்று என்பவற்றைக் கூறின், விடையின் பாதி வினாவிலேயே அமைந்துவிடும். மருத்துவனிடம் நோய்க்குறி கூறுவதை ஒத்தது இது.

எனினும் இக்கையேட்டின் குறைபாடு அதன் சமநிலையின்மையே ஆகும். ஒழுக்கத்தின் சுமை பெரும்பாலும் கேட்போன்மீதே சுமத்தப்படுகின்றது. விடையளிப்போர் கடுகடுத்தால் அதனைப் பொறுத்தல் வேண்டும் என்றும், ‘கைந்நூலைப் படி’ என எவரேனும் வெருட்டின் அவர் கூற்று அநேகமாகச் சரியானதே என்றும் அது கற்பிக்கின்றது. விடையளிப்போருக்குரிய அறிவுரைகளும் உள. ஆயின் அவை இறுதியில் வரும் ஒரு சிறு பகுதியாகவே அமைகின்றன.

பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகிய நன்னூலின் பொதுப்பாயிரத்தை இதனோடு ஒப்புநோக்குதல் பயனுடைத்து. பவணந்தியார் மாணாக்கரை அன்னம், பசு முதலாக நெய்யரி ஈறாக வகைப்படுத்துகின்றார். ஆயின் அதற்கு முன்பே ஆசிரியராகாதாரையும் இனங்காட்டிவிடுகின்றார். இட்ட முறையிலன்றி எல்லாவற்றையும் ஒருங்கே கொட்டும் கழற்பெய் குடம், தானாகத் தந்தாலன்றி அணுகிக் கேட்போர்க்குக் கொடாத மடற்பனை, பெற்றதை எளிதில் ஈயாத பருத்திக் குண்டிகை, உரியோரை விடுத்து ஏனையோர்க்குப் பயன்படும் முடத்தெங்கு என்பன அவர் காட்டும் உவமைகள். கேட்டவனுக்குப் புரியாத இருபது கட்டளைகளை ஒரே மூச்சிற் கொட்டுபவனும், தன் புலமையை நீள எழுதிக்கொண்டே கேட்ட வினாவுக்கு மட்டும் வாய்திறவாதவனும் லினக்ஸ் உலகிலும் உளர். அவர்களுக்குப் பெயர் சூட்டும் துணிவு கையேட்டுக்கு இல்லை, நன்னூலுக்கு உண்டு.

பொதுவியலிற் கூறப்படும் எண்வகை விடைகளும் ஈண்டு நோக்கத்தக்கன. சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரடி விடைகள். ஏனைய ஐந்தும் வினவிய பொருளை உணர்த்துதலாலேயே விடையாக ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. ‘எந்தப் பதிப்பு?’ எனத் திரும்பக் கேட்பது வினா எதிர் வினாதல். அது தீர்வை நோக்கி நகர்த்துவது. ‘கைந்நூலைப் படி’ என்பதோ ஏவல். ‘இது செய்வாயா?’ என்றவனிடம் ‘நீயே செய்’ எனல் மறுப்பையே குறிப்பால் உணர்த்தும் என்பது இலக்கணகாரர் கண்ட உண்மை. எனவே, எந்நூலின் எப்பகுதி எனச் சுட்டாத ஏவல், உதவிபோலத் தோன்றும் மறுப்பேயாகும். சுட்டொடு சேர்ந்த ஏவலே உதவியாகும்.

இவ்வேறுபாடு கண்டிச் சூழலில் வெறும் இலக்கண நுட்பமன்று. கண்டி நகரிலிருந்தும் அதனைச் சூழ்ந்த தோட்டப்பகுதிகளிலிருந்தும் கணினியை நாடும் தமிழ் மாணவர் பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் அல்லது மூன்றாம் மொழியாகும். தெளிவான, பிழையற்ற மொழியில் எழுதுக என்கின்றது கையேடு. பிறமொழியாளரின் எழுத்துப்பிழைக்குச் சிறிதளவு சலுகை உண்டு, சோம்பலுக்கு இல்லை என்றும் அது கூறும். ஆயின், தேடுதற்குரிய சொல்லே தெரியாமையைச் சோம்பலினின்று எவ்வாறு பிரித்தறிவது? தேடத் தெரிந்தவனே தேடிக் கண்டடைகின்றான். இவ்வாறு நோக்கின், நடுநிலையானதாகத் தோன்றும் ஒழுக்கவிதி மொழியும் வாய்ப்பும் பெற்றோர்க்குச் சார்பாக அமைவதைக் காணலாம். ஒருமுறை வெருட்டப்பட்டவன் மீண்டும் கேளான். ஒரு துறையே அவனுக்கு மூடப்பட்டுவிடுகின்றது.

நன்னூலைக் குறைகாணாது போற்றுதலும் முறையன்று. கற்பிக்கத் தகாதோர் என ஒரு நீண்ட பட்டியலை அதுவும் தருகின்றது. அதன் ஆசிரியர்-மாணாக்கர் உறவு ஏற்றத்தாழ்வின்மீது எழுந்ததே. எனினும், ஆசானிடம் கால்பங்கும், உடன் பயில்வோருடன் பழகுதலாற் கால்பங்கும், பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் புலமை நிரம்பும் என்னும் அதன் கணக்கு, லினக்ஸ் பயனர் கூட்டத்திற்கே வகுத்ததுபோல் அமைந்துள்ளது. விடையளித்தல் ஈகை மட்டுமன்று. அளிப்போன் தன் கல்வியை நிறைவுசெய்யும் வழியுமாகும். தொடக்கநிலை வினாவை வெறுப்பவன் தன் அரைப்பங்கையே இழக்கின்றான்.

இவ்வுணர்வு லினக்ஸ் உலகிலும் காலந்தாழ்த்தியேனும் தோன்றியுள்ளது. 2018 செப்டெம்பரில் டோவால்ட்ஸ் தமது கடுஞ்சொற்களுக்காக வருத்தந் தெரிவித்துச் சிறிதுகாலம் பணியினின்றும் ஒதுங்கினார். அம்மாதத்திலேயே லினக்ஸ் கருவை உருவாக்குவோர்க்குப் புதிய நடத்தைக்கோவை ஏற்கப்பட்டது. இந்நாட்டிலும், இலங்கை லினக்ஸ் பயனர் குழுவின் பெயர் தாங்கிய சிங்கள எழுத்துரு தெபியன் வழங்கலில் இடம்பெற்றமை, கேட்போராய் இருந்தோர் கொடுப்போராதல் கூடும் என்பதைக் காட்டுகின்றது.

எனவே, நன்கு கேட்கப் பழகுதல் மாணவர் கடன். நன்கு விடையளிக்கப் பழகுதல் அறிந்தோர் கடன். முன்னதை வலியுறுத்திப் பின்னதைச் சுருக்கிய கையேடு பாதி உண்மையையே கூறியதாகும். தாம் பெற்ற ஒவ்வொரு விடையையும் தமிழில் எழுதிவைக்கும் வழக்கம் பல்கலைக்கழக மாணவரிடையே வேரூன்றுமாயின், அடுத்து வருவோன் தேடுதற்குரிய சொல் அவன் மொழியிலேயே அவனுக்காகக் காத்திருக்கும்.