நன்றி கூறலும் நன்றி அறிதலும்

துறவற சபைகள் தம் உபகாரிகளுக்கு எழுதும் நன்றி மடல்களை எவரும் இலக்கியமாகக் கொண்டு திறனாய்வதில்லை. ஆண்டு மலரின் கடைசிப் பக்கத்திலோ கிறிஸ்து பிறப்பு வாழ்த்தோடு இணைந்தோ அவை வருகின்றன; ஒருமுறை பார்த்து மடித்து வைத்துவிடுகிறோம். ஆயினும் ஒரு சபை ஏழைகளைப் பற்றியும் செல்வத்தைப் பற்றியும் உள்ளபடியே என்ன எண்ணுகிறது என்பதை அதன் மறையுரைகளைவிட அந்த ஒரு பக்கம் தெளிவாகக் காட்டிவிடும். அதனையும் ஓர் எழுத்து வகையாக மதித்து, அதன் நிறைகுறைகளை ஆராய்வது தகும் என எண்ணுகிறோம்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். இன்று 'நன்றி' என்பது வாயால் கூறும் ஒன்றாகிவிட்டது. பழந்தமிழில் அச்சொல்லுக்கு நன்மை, செய்த உதவி என்பதே பொருள். திருக்குறளின் பதினோராம் அதிகாரத்தின் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. செய்த நன்மையை அறிதல் என்பதே அங்கே கேட்கப்படுவது, கூறுதல் அன்று. எவ்வளவு கொடுத்தார், எந்த நிலையில் கொடுத்தார், அதனால் எவருக்கு என்ன நேர்ந்தது என்பனவற்றை அறிந்து மறவாதிருப்பதே நன்றியின் உயிர். அறிவு இல்லாத நன்றியுரை வெறும் உபசாரமாய் முடிகிறது. இந்த அளவுகோலைக் கொண்டே நாம் சில எழுத்துகளை நோக்க விரும்புகிறோம்.

திருவண்ணாமலையில் வாழும் நமக்கு முதற்சான்று கண்ணெதிரே நிற்கிறது. அருணாசலேசுவரர் திருக்கோயிலின் கல்வெட்டுகளைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990இல் நூலாக வெளியிட்டது. இங்கும் தமிழகத்தின் பிற கோயில்களிலும் காணும் நன்கொடைக் கல்வெட்டுகள் ஓர் ஒழுங்கில் அமைந்தவை. கொடுத்தவர் யார், அவர் ஊர் எது, கொடுத்தது எவ்வளவு, எதற்காக, எவர் பொறுப்பில், எத்தனை காலத்திற்கு என்பன யாவும் அங்கே உண்டு. சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கெரிக்க 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்டன; அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டார். அந்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. ஆடு சாகும், மூப்பும் எய்தும். ஆனால் குட்டிகளால் எண்ணிக்கையை நிரப்பி அறத்தைக் காக்க வேண்டும் என்பது கருத்து.

இக்கல்வெட்டுகள் பலவற்றின் முடிவு நம் சிந்தனைக்கு உரியது. இந்த அறத்தைக் காப்பவனுடைய திருவடிகள் என் தலைமேல் இருப்பனவாக என்று கொடுத்தவரே எழுதி வைக்கிறார். பெற்றவர் கொடுத்தவரை வணங்குவதே நாம் அறிந்த முறை. இங்கேயோ கொடுத்தவர், தாம் மறைந்தபின் அக்கொடையைப் பேணப்போகும் முகமறியா மனிதரை வணங்குகிறார். கொடை கொடுத்த கணத்தில் முடிவதில்லை, பேணுவோரின் கையில்தான் அது வாழ்கிறது என்ற தெளிவு இதில் உள்ளது.

அதே கோயிலின் கோபுரங்களும் ஒரு பாடம் கற்பிக்கின்றன. 217 அடி உயரமுள்ள கிழக்கு இராசகோபுரம் கிருஷ்ணதேவராயர் பெயரோடும், அதனை நிறைவு செய்த தஞ்சை நாயக்கர் பெயரோடும் வழங்குகிறது. வடக்குக் கோபுரமோ அம்மணி அம்மன் கோபுரம் எனப்படுகிறது. அம்மணி அம்மாள் என்ற துறவி வீடுவீடாய்ச் சென்று பொருள் திரட்டி அதனை எழுப்பினார் என்பது ஊர் வழங்கும் வரலாறு. அவருக்கு ஈந்த குடியானவர்களின் பெயர்களை ஊர் அறியாது. ஆயினும் கேட்டு வாங்கியவரின் பெயர் நிலைத்ததால், கொடுத்தவர் அத்தனை பேரும் அப்பெயருக்குள் அடங்கி நிற்கின்றனர். பெயரற்ற சிறு கொடையாளர்களுக்கு அந்தத் துறவியின் நேர்மையே கல்வெட்டாயிற்று எனலாம்.

திருச்சபையின் மரபிலும் இதற்கு ஒப்பான எழுத்து உண்டு. தூய பவுல் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதிப் பகுதி, அவர்கள் ஆள் வழியாக அனுப்பிய உதவியைப் பெற்றுக்கொண்டதற்கான மடலே. அப்பகுதியில் (4:10-20) 'நன்றி' என்ற நேர்ச்சொல் இல்லை என்பதை விவிலிய அறிஞர்கள் பலர் சுட்டியுள்ளனர். மாறாக, கணக்கு வழக்கின் சொற்கள் அங்கே வருகின்றன. முழுவதும் பெற்றுக்கொண்டேன் என்று அவர் எழுதும் கிரேக்கச் சொல் அக்காலப் பற்றுச்சீட்டுகளில் வழங்கியது. முன்பு தெசலோனிக்காவில் இருந்தபோதும் அவர்கள் உதவியதை அவர் மறவாமல் குறிக்கிறார். தாம் கொடையை நாடவில்லை, அவர்கள் கணக்கில் பெருகும் பயனையே நாடுவதாகவும் சொல்கிறார். வறுமையிலும் நிறைவிலும் வாழப் பழகிய ஒருவர், கொடையாளரின் காலடியில் விழாமலும் அவரை அலட்சியம் செய்யாமலும் எழுதிய எழுத்து இது. மேலும் உதவி கேட்டு அம்மடல் முடியவில்லை என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வகை எழுத்து அச்சேறியது. 1822இல் பிரான்சின் லியோன் நகரில் தோன்றிய விசுவாசப் பரப்புதல் சங்கத்திற்கு வித்திட்டவர் பவுலின் ஜரிக்கோ என்ற பெண்மணி. 2022இல் அவர் அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். பத்துப் பத்துப் பேராய்ச் சேர்ந்து வாரம் ஒரு சிறு காசு கொடுப்பது அவர் வகுத்த முறை. மறைப்பணியாளர்களின் கடிதங்களை அச்சங்கம் தன் ஏட்டில் வெளியிட்டு, காசு கொடுத்த நெசவுத் தொழிலாளிக்கும் கணக்குச் சொன்னது. சலேசிய சபையை நிறுவிய தொன் போஸ்கோ 1876இல் தம் உடனுழைப்பாளர் அமைப்புக்குத் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றார். அடுத்த ஆண்டே அவர்களுக்கென ஒரு மாத இதழைத் தொடங்கினார். அதற்கு விலை வைக்கவில்லை. தாம் இறந்தபின் அனுப்புமாறு சில உபகாரிகளுக்குக் கடிதங்களும் எழுதி வைத்தார். இனி எதையும் கேட்க இயலாத நிலையில் சென்று சேரும் நன்றியில் எவரும் தன்னலம் காண முடியாது. 1906இல் தஞ்சையில் கால்பதித்து, 1951இல் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரியை நிறுவிய அச்சபையின் பணிகளை நம் வட்டாரம் நன்கறியும்.

இவற்றை மனத்தில் இருத்தி இன்றைய நன்றி மடல்களைப் படிக்கும்போது மூன்று குறைகள் புலனாகின்றன. ஒன்று, செய்தி இன்மை. தாராள உள்ளம், நூறு மடங்கு ஆசீர் என்ற தொடர்கள் நிறைந்துள்ளன. எத்தனை பிள்ளைகள் பயின்றனர், எந்தக் கிணறு தோண்டப்பட்டது, எது நிறைவேறாமல் நின்றது என்பன இல்லை. இரண்டு, நன்றியின் வாலில் தொங்கும் விண்ணப்பம். முதற்பத்தி நன்றி கூறும். மூன்றாம் பத்தி அடுத்த கட்டடத்திற்குக் கையேந்தும். அப்போது முன்னதன் உண்மையும் ஐயத்திற்கு உரியதாகிறது. மூன்று, ஏழைகளைக் காட்டும் முறை. கிழிந்த ஆடையுடன் நிற்கும் குழந்தையின் படம் மடலின் முகப்பில் அச்சாகிறது. அக்குழந்தை வளர்ந்து அப்படத்தைக் காணும் நாளில் என்ன எண்ணும் என்று எவரேனும் எண்ணினரா? கொடுத்தவரை மகிழ்விக்கப் பெற்றவரின் மானத்தை விலையாகக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

பெயர் பொறிப்பதே தவறு என்று சிலர் கூறுவர். குழல்விளக்கின் மீது 'உபயம்' என்று பெரிதாக எழுதி வெளிச்சத்தையே மறைத்துவிடும் வழக்கம் கோயிலிலும் உண்டு, நம் ஆலயங்களிலும் உண்டு. ஆயினும் குறை பெயரில் இல்லை. கல்வெட்டிலும் பெயர் இருக்கிறது. ஆனால் அங்கே பெயரோடு கடமையும் பொறிக்கப்பட்டது. விளக்கு மாட்டியவர் பெயரை எழுதும் நாம், அது எரியாதபோது மாற்றவேண்டியவர் யார் என்று எழுதுவதில்லை. 'உபயம்' என்ற சொல்லுக்கு 'இரண்டு' என்ற பொருளும் உண்டு. கொடுப்பவர், காப்பவர் என்ற இருவரையும் அச்சொல் நமக்கு நினைவூட்டினால் நன்று.

திருச்சபைச் சட்டமும் இதையே வேண்டுகிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி, குறித்த நோக்கத்திற்கென நம்பிக்கையாளர் அளித்த காணிக்கையை அந்நோக்கத்திற்கே செலவிட வேண்டும் (1267). அவர்கள் அளித்தவற்றிற்குப் பொறுப்பாளர்கள் அவர்களிடமே கணக்குக் காட்ட வேண்டும் (1287). ஆகவே கணக்குச் சொல்வது உபசாரம் அன்று, நீதி. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டபின், ஒரு நிறுவனம் பெற்ற அயல்நாட்டுத் தொகையைப் பிறிதொன்றுக்கு மாற்றித் தர இயலாது. நிர்வாகச் செலவின் வரம்பும் நூற்றுக்கு 50இலிருந்து 20ஆகக் குறைந்தது. இனி நம் சபைகள் பெரிதும் நம்பவேண்டியவர் உள்ளூர் மக்களே. அவர்கள் ஆசிரியராகவும் பூக்கட்டுவோராகவும் ஓய்வூதியம் பெறுவோராகவும் நம்மிடையே வாழ்பவர்கள். வாசலைக் கடக்கும்போதே உண்மையைக் கண்டுகொள்பவர்கள்.

எருசலேம் ஆலயத்தில் இரண்டு சிறு காசுகளை இட்ட கைம்பெண்ணை இயேசு அழைத்து நன்றி கூறியதாக நற்செய்தியில் இல்லை. அவர் கண்டார், அவள் கொடுத்தது அவளுடைய பிழைப்பு முழுவதுமே என்று அறிந்தார், அதைச் சீடர்களுக்குச் சொன்னார். இரண்டாயிரம் ஆண்டுகளாக அவள் கொடை அறியப்பட்டே வருகிறது. துறவற இல்லங்களில் உணவுக்குப்பின் உபகாரிகளுக்காக மன்றாடும் வழக்கம் பழையது. அம்மன்றாட்டில் அவர்களை நினைப்பவர், எழுதும்போதும் அவர்களை நினைத்து எழுதட்டும். பெற்றது இவ்வளவு, செய்தது இது, செய்ய இயலாதது இது, இதைப் பேணுபவர் இன்னார் என்ற நான்கு வரிகள் போதும்.