இணைய வேகத்தை அளக்க எந்த 'பை' போதும்?

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் வழியில் இருக்கிறது வித்துரா. ஒரு பக்கம் ஐசர் என்கிற இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சிக் கழகத்தின் வளாகம். இன்னொரு பக்கம் போனக்காட்டின் பழைய தேயிலைத் தோட்டமும் தொழிலாளர் குடியிருப்புகளும். இணையம் இரு தரப்புக்கும் வேண்டும். கேரள அரசு 2023 ஜூன் 5 அன்று தொடங்கிவைத்த கே-ஃபோன் கண்ணாடி இழை வலையமைப்பில் கட்டண வீட்டு இணைப்புகள் அப்போது 20 எம்பிபிஎஸ் வேகத்திலிருந்து தொடங்கின. காசு கொடுத்து வாங்கிய அந்த வேகம் உண்மையில் வீட்டுக்குள் வருகிறதா?

கைப்பேசியில் செயலியைத் திறந்து பார்ப்பது பலருடைய வழக்கம். அந்த எண்ணில் வைஃபையின் பலவீனமும் கலந்திருக்கும். ரவுட்டரில் கம்பி வழியாகச் செருகி, இரவும் பகலும் ஓடவிடக்கூடிய, ராஸ்பெர்ரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினிதான் இதற்குச் சரியான கருவி. கேரளத்தில் இது பலரும் அறிந்த பொருள்தான். 2014லேயே 'லேர்ன் டு கோட்' திட்டத்தில் பள்ளி மாணவர்களுக்கு ராஸ்பெர்ரி பை பலகைகளை அரசு வழங்கியது. ஆனால் எல்லாப் பலகைகளும் ஒரே மாதிரி அளப்பதில்லை. பலகையின் உச்சவரம்பு தெரியாமல் அளந்தால், பலகையின் குறை இணைப்பின் குறையாகத் தெரியும்.

அதனால் முதலில் அளக்க வேண்டியது பலகையைத்தான். இதற்கு ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருள் போதும். கம்பி வழியாக ரவுட்டரில் இணைந்த மடிக்கணினியில் ஒரு பாதியையும் பலகையில் மறு பாதியையும் ஓட்டினால், வெளி இணையத்தைத் தொடாமல் வீட்டுக்குள்ளேயே வேகம் தெரிந்துவிடும். மடிக்கணினியின் ஈதர்நெட் முனையும் ஜிகாபிட் வகையாக இருக்க வேண்டும்.

2016இல் வந்த ராஸ்பெர்ரி பை 3பி இந்தச் சோதனையில் சுமார் 94 எம்பிபிஎஸ் காட்டும். அதன் ஈதர்நெட் முனை 100 எம்பிபிஎஸ் வகை. மீதி ஆறு எங்கே? கம்பியில் போகும் முழு அளவுப் பொதி ஒவ்வொன்றும் 1,538 பைட் இடம் பிடிக்கிறது. அதில் 1,448 பைட்தான் நம் தரவு, மற்றது முகவரியும் தலைப்பும் இடைவெளியும். ஆகவே 94 வந்தால் பலகை முழு ஆரோக்கியத்தோடு இருக்கிறது என்று பொருள்.

2018இல் வந்த 3பி பிளஸ் பலரை ஏமாற்றும். ஜிகாபிட் என்று அட்டையில் இருந்தாலும், ஈதர்நெட் சில்லு யுஎஸ்பி 2.0 பாதை வழியாகவே செயலியை அடைகிறது. அந்தப் பாதையின் மொத்தக் கொள்ளளவே 480 எம்பிபிஎஸ். அதிகபட்சம் 300 எம்பிபிஎஸ் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். அதே பலகையில் யுஎஸ்பி வட்டு ஒன்றும் வேலை செய்தால் இரண்டும் அந்த ஒரே பாதையைப் பங்கிட வேண்டும்.

2019 ஜூனில் வந்த பை 4தான் இந்த முடிச்சை அவிழ்த்தது. ஈதர்நெட்டுக்குத் தனிப்பாதை கிடைத்ததால் 940ஐ ஒட்டிய எண் வருகிறது. 2023 அக்டோபரில் வந்த பை 5இன் செயலி இன்னும் வலிமையானது. ஆனால் முனை அதே ஜிகாபிட் என்பதால் இந்த ஒரு வேலையில் எண் ஏறாது. 2021இல் வந்த ஜீரோ 2 டபிள்யூ விலை குறைந்தது, மின்சாரமும் குறைவாகவே குடிக்கும். அதில் ஈதர்நெட் முனையே இல்லை, வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும்தான். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அது போதும், வேகத்தை அளக்கப் போதாது.

சோதனை முறையிலும் பொறிகள் உண்டு. பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்து நேரம் பார்ப்பவர்கள் பல நேரங்களில் அளப்பது மெமரி கார்டின் வேகத்தை. பை 4இல் கார்டு நொடிக்கு 40, 45 மெகாபைட் அளவில் நின்றுவிடும். எட்டால் பெருக்கினால் அது 360 எம்பிபிஎஸ் மட்டுமே. பை 4 சட்டென்று 94 காட்டினால் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் தேவை. ஒரு ஜோடி அறுந்தாலும் இணைப்பு 100க்கு இறங்கிவிடக்கூடும். வெளி இணையத்தை அளக்கும்போது, பைத்தானில் எழுதிய ஸ்பீடுடெஸ்ட்-சிஎல்ஐ பழைய பலகைகளில் செயலியைத் திணறவைத்துக் குறைத்துக் காட்டக்கூடும். ஊக்லா நிறுவனத்தின் சொந்த நிரல் ஆர்ம் செயலிகளுக்கும் கிடைக்கிறது, அதுவே மேல்.

மணிக்கு ஒரு முறை தானாக அளக்கவிட்டால் மாலை நேர நெரிசல் பளிச்சென்று தெரியும். ஆனால் தரவுக் கணக்கையும் பார்க்க வேண்டும். 20 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்கத்துக்குப் பத்து விநாடி, ஏற்றத்துக்குப் பத்து விநாடி என்றால் ஒரு சோதனைக்கு 50 மெகாபைட், மாதத்துக்கு 36 ஜிபி. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இது 180 ஜிபி ஆகிவிடும். அங்கே நாளுக்கு நான்கைந்து சோதனை போதும்.

மலையடிவார ஊர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஐப்பசி மாதத்து மாலை இடியில் ரவுட்டர்களும் ஈதர்நெட் முனைகளும் எரிந்துபோவது கேரளத்தில் வழக்கம். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. மின்கம்பியும் வீட்டுக்குள் ஓடும் செப்புக் கேபிளும் கடத்தும். வானம் கறுக்கும்போதே பலகையின் மின்னிணைப்பையும் கேபிளையும் கழற்றிவிட வேண்டும்.

முடிவு இதுதான். வீட்டு இணைப்பு 20, 50 எம்பிபிஎஸ் என்றால் அலமாரியில் கிடக்கும் பை 3பி தாராளம், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். 100 எம்பிபிஎஸ் அல்லது அதற்கு மேல் என்றால் பை 4 வாங்கலாம். வேகத்தை அளக்க மட்டும் பை 5 வாங்குவது வீண் செலவு.