நெருப்பைக் கண்டோம், கையொப்பத்தைக் கண்டோமா?

ஜனாஸா எரிப்புக் காலத்தில் நம்மவர்கள் எழுதிய கவிதைகள் ஏராளம். பத்திரிகைகளில் வந்தவற்றை வெட்டிப் பழைய கொப்பியொன்றில் ஒட்டி வைத்திருந்தேன். அண்மையில் அவற்றை ஒருசேர வாசித்தபோது ஒரு குறை உறுத்தியது. நெருப்பு இருக்கிறது, புகை இருக்கிறது, சாம்பல் இருக்கிறது, கனத்தை மயான வேலியில் கட்டிய வெள்ளைத் துணி இருக்கிறது. வைத்தியர் மட்டும் இல்லை.

அந்த நெருப்பை மூட்டியது வெறும் இனவாதக் கூச்சல் அல்ல. உலக சுகாதார நிறுவனம் அடக்கம், தகனம் இரண்டையுமே அனுமதித்திருந்தது. அப்படியிருக்க, 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி கொவிட் மரணங்களுக்குத் தகனத்தைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் மாசுபடும் என நிபுணர்களின் பெயரால் காரணம் சொல்லப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில், பிறந்து 20 நாளேயான சிசுவொன்றும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. இனவாதம் இங்கே விஞ்ஞானத்தின் மொழியில் பேசியது. நமது கவிதைகள் அந்த மொழியை வாசிக்கத் தவறின என்பதே என் குற்றச்சாட்டு.

வேறொரு நாட்டில் இதே நோய் எவ்வாறு கலையாக்கப்பட்டது என்பதற்கு 1997 இல் வந்த ‘மிஸ் எவர்ஸ் போய்ஸ்’ என்ற அமெரிக்கத் திரைப்படத்தைச் சொல்லலாம். டேவிட் ஃபெல்ட்ஷூ எழுதிய நாடகமொன்றின் திரைவடிவம் அது. அவர் ஒரு வைத்தியரும்கூட.

அதன் பின்னணி கற்பனையல்ல. 1932 முதல் 1972 வரை, அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் அரசின் பொதுச் சுகாதார சேவை ஓர் ஆய்வை நடத்தியது. சிபிலிஸ் நோயுள்ள 399 கறுப்பின ஆண்களும் அந்நோயற்ற 201 பேரும் அதிற் சேர்க்கப்பட்டனர். ‘கெட்ட இரத்தத்துக்கு’ வைத்தியம் என்று அவர்களிடம் பொய் சொல்லப்பட்டது. 1940களின் பிற்பகுதியில் பெனிசிலின் வழமையான மருந்தாகிய பின்னரும் அது அவர்களுக்கு மறுக்கப்பட்டது. மனிதர்மீது ஆய்வு செய்ய அவர்தம் சம்மதம் வேண்டும் என்று நியூரம்பேர்க் நெறிமுறை 1947 இலேயே சொல்லிவிட்டது. ஆய்வோ அதற்குப் பின்னும் 25 ஆண்டுகள் நடந்தது. அதுவும் இரகசியமாக அல்ல. அதன் முடிவுகள் மருத்துவச் சஞ்சிகைகளில் வெளிவந்தன. வாசித்த வைத்தியர்களுள் எதிர்த்தவர் மிகச் சிலரே.

படத்தின் நாயகி எவர்ஸ் ஒரு கறுப்பினத் தாதி. நோயாளிகள்மீது அன்புள்ளவள். மருந்து மறுக்கப்படுவதை அறிந்தும் அவர்களைவிட்டு விலகாமல், உண்மையையும் சொல்லாமல் இருந்துவிடுகிறாள். நல்ல மனம் அநீதியின் கருவியாவது எப்படி என்ற வினாவை எழுப்புவதே படத்தின் பலம். ஆனால், குற்றத்தின் பாரம் முழுவதும் ஒரு பெண்ணின் தலையில் இறங்கிவிடுகிறது. நாற்பது ஆண்டுகள் கோப்புகளில் ஒப்பமிட்ட அதிகாரிகள் நிழலாக ஒதுங்கிவிடுகிறார்கள். இது சிறிய குறையல்ல.

டஸ்கீகி ஆண்களுக்குக் கொடுக்கப்பட்ட சலுகைகளுள் அடக்கச் செலவும் ஒன்று. பிரேதப் பரிசோதனைக்கு உடன்படுவதே அதற்கு விலை. அங்கே அடக்கத்தைத் தூண்டிலாக்கினார்கள். இங்கே அடக்கத்தையே மறுத்தார்கள். இரண்டிலும் வெள்ளை மேலங்கியே முன்னால் நின்றது.

எனினும் அந்த மேலங்கியை அணிந்த எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது. கொவிட் மரணங்களை அடக்கலாம் என்று இலங்கை சமுதாய மருத்துவர்கள் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும் தடை நீங்குமுன்னரே அறிக்கை வெளியிட்டன. பெரும்பான்மையினத்தவரும் நிறைந்த அவைகள் அவை. மருத்துவ அறம் முற்றாகச் செத்துவிடவில்லை என்பதற்கு அவை சாட்சி. இதையும் நமது கவிதைகள் காணவில்லை. கண்டிருந்தால், எதிரியை ஓர் இனத்தில் தேடாமல் ஒரு கையொப்பத்தில் தேடியிருப்போம்.

அழுகைக்கு நான் எதிரானவனல்லன். நானும் அழுதவன்தான். ஆனால் அழுகை அனுதாபத்தைத் தேடும், கணக்குக் கேட்காது. கூட்ட அறையில் ஆதாரமில்லை என்று தெரிந்தும் தலையசைக்கும் நிபுணரை, சவச்சாலை வாசலில் படிவத்தை நீட்டும் ஊழியரை, தன் சமூகத்தவரின் மையித்து வெளியேறுவதைப் பார்த்து நிற்கும் முஸ்லிம் தாதியை நமது சிறுகதையாளர்கள் எழுத வேண்டும். மன்னிப்பை அமைச்சரவை கேட்டுவிட்டது. கேள்வியை இலக்கியம் இன்னும் கேட்கவில்லை.